அருவங்காட்டு மருந்தும் இந்தியாவின் முதல் ரைபிளும்

குன்னூரிலிருந்து உதகமண்டலம் செல்லும் மலை ரயில் வெலிங்டனைத் தாண்டியதும் அருவங்காடு நிலையத்தில் நிற்கும். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் இங்கு இறங்குவதில்லை. இறங்கினாலும் அவர்கள் பார்க்கக்கூடியது பாதுகாக்கப்பட்ட ஒரு வேலியும் காவலர் நிற்கும் வாயிலும்தான். உள்ளே இருப்பது கார்டைட் தொழிற்சாலை. ஊர் மக்கள் வெடிமருந்துத் தொழிற்சாலை என்றும் சொல்வார்கள். இங்கு துப்பாக்கி செய்யப்படுவதில்லை. ஆனால் இந்தியாவில் அரசுத் தொழிற்சாலையில் முதன்முதலாக ஒரு நவீன ரைபிள் உறுப்பு உறுப்பாகச் செய்து பூட்டப்பட்ட கதையை இந்த ஊரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. அந்த ரைபிள் வங்காளத்தில் உருவானது. அதன் தோட்டாவுக்கு உரிய மருந்து நீலகிரியில் உருவானது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கிய வேலைகள்.

ரைபிள் என்பது உட்புறத்தில் திருகாணிபோல் புரி வெட்டிய குழலை உடைய துப்பாக்கி. அந்தப் புரியின் வழியே வெளியேறும் குண்டு பம்பரம்போல் சுழன்றுகொண்டே போவதால் நெடுந்தூரம் திசை மாறாமல் செல்லும். புரி இல்லாத வழவழப்பான குழலை உடையது மஸ்கட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகின் பெரும்பாலான சிப்பாய்கள் தூக்கிச் சுமந்தது மஸ்கட்தான்.

ஆயுதம் யார் கையில்?

துப்பாக்கியை யார் வைத்திருக்கலாம், யார் செய்யலாம் என்ற கேள்வி தமிழ்நாட்டில் பழையது. மருது சகோதரர்களின் எழுச்சி அடக்கப்பட்ட பின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இவர் பிளாசிப் போர் புகழ் ராபர்ட் கிளைவின் மகன். தென்பகுதிப் பாளையங்களில் மக்கள் ஆயுதம் வைத்திருப்பது இந்த அறிவிப்பால் தடை செய்யப்பட்டது. நாடு முழுவதற்குமான ஆயுதச் சட்டம் 1878இல் லிட்டன் பிரபு காலத்தில்தான் வந்தது. அந்த வகையில் தமிழ்நாட்டின் தென்பகுதி முக்கால் நூற்றாண்டு முன்னதாகவே நிராயுதபாணி ஆக்கப்பட்டுவிட்டது. பாடநூல்கள் 1878ஐச் சொல்லும் அளவுக்கு 1801ஐச் சொல்வதில்லை.

1878ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியர் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இச்சட்டத்தைக் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. நீலகிரியில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. தேயிலை, காப்பித் தோட்டங்களின் வெள்ளைக்காரத் துரைமார்கள் வேட்டைத் துப்பாக்கிகளோடு காடு சுற்றினார்கள். நீலகிரி தொண்டர் ரைபிள் படை என்ற பெயரில் அணிவகுப்பும் நடத்தினார்கள். அதே மலையில் தலைமுறை தலைமுறையாக இரும்பு வேலை செய்துவந்த கோத்தர்கள், தோடருக்கும் படகருக்கும் கோடரி, கத்தி, கடப்பாரை முதலியவற்றை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நவீன துப்பாக்கித் தொழிலில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

1857க்குப் பிறகு வந்த எச்சரிக்கை

அரசின் சொந்தச் சிப்பாய்க்குக்கூட நல்ல துப்பாக்கி கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. 1857 எழுச்சிக்கு உடனடிக் காரணமாகச் சொல்லப்படுவது என்ஃபீல்டு ரைபிளின் தோட்டா. கொழுப்புத் தடவிய அதன் காகித உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். பசுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற பேச்சு அந்த ஆண்டின் சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் எழுந்தது. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார்.

எழுச்சி அடங்கிய பிறகு ஆங்கிலேயர் ஒரு பாடம் கற்றார்கள். இந்தியச் சிப்பாயிடம் இருக்கும் ஆயுதம் வெள்ளைச் சிப்பாயிடம் இருப்பதைவிட ஒரு படி தாழ்ந்ததாக இருக்க வேண்டும் என்பதே அந்தப் பாடம். முதலில் இந்தியப் படைகளுக்குப் புரி இல்லாத குழலுடன் கூடிய துப்பாக்கிகளையே கொடுத்தார்கள். பிறகு வெள்ளைப் படை மார்ட்டினி-ஹென்றி ரைபிளுக்கு மாறியபோது, அது விட்டுவிட்ட ஸ்னைடர் இந்தியப் படைக்கு வந்தது. வெள்ளைப் படை லீ-மெட்ஃபோர்டை ஏந்தியபோது மார்ட்டினி இந்தியருக்கு வந்தது. அண்ணன் போட்டுக் கழித்த சட்டை தம்பிக்கு வருவதைப் போன்ற ஏற்பாடு. இங்கே அது வறுமையால் அல்ல, அவநம்பிக்கையால் செய்யப்பட்டது.

இந்தியாவில் அரசு ஆயுதத் தொழில் அதற்கு முன்பே இருந்தது என்பதும் உண்மை. கல்கத்தா காசிப்பூரில் பீரங்கி வண்டித் தொழிற்சாலை 1802 மார்ச் 18 அன்று உற்பத்தியைத் தொடங்கியது. அந்த நாளைத்தான் படைக்கலத் தொழிற்சாலைகள் இன்றும் ஆண்டு விழாவாகக் கொண்டாடுகின்றன. ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள இசாப்பூரில் 1787இல் வெடிமருந்து ஆலை நிறுவப்பட்டது. டம்டம்மிலும் புனே அருகே கிர்க்கியிலும் தோட்டாக்கள் செய்யப்பட்டன. ஆக மருந்தும் தோட்டாவும் இங்கே செய்யப்பட்டன. படைக்கு வேண்டிய ரைபிள் மட்டும் கப்பலில் வந்தது.

புகையில்லா மருந்து

இசாப்பூர் ஆலை செய்தது கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் கலந்து செய்வது. நம் ஊர்த் திருவிழா வாணவேடிக்கையில் பயன்படும் அதே குடும்பம். சுட்டால் வெண்புகை கிளம்பிச் சுட்டவன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பத்து முறை சுட்டால் எதிரியே தெரியாது.

1889இல் பிரெடரிக் ஏபெல், ஜேம்ஸ் டூவர் என்ற இரு வேதியியல் அறிஞர்கள் இங்கிலாந்தில் புதிய மருந்து ஒன்றை உருவாக்கினார்கள். நைட்ரோகிளிசரினையும் அமிலத்தில் பக்குவப்படுத்திய பஞ்சையும் அசிட்டோன் சேர்த்துப் பிசைந்து, சிறிதளவு வாசலினும் கலந்து, இடியாப்பம் பிழிவதுபோல் துளை வழியே கயிறாகப் பிழிந்து எடுத்தார்கள். கயிற்றுக்கு ஆங்கிலத்தில் உள்ள கார்டு என்னும் சொல்லிலிருந்தே கார்டைட் என்ற பெயர் வந்தது. டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபல் இது தன்னுடைய பாலிஸ்டைட்டின் நகல் என்று வழக்குத் தொடுத்தார். 1895இல் வழக்கில் தோற்றார். பரிசுக்காக இன்று உலகம் நினைவுகூரும் மனிதருக்குக் கடைசிக் காலத்தில் மிகுந்த மனக்கசப்பை ஏற்படுத்திய வழக்கு அது.

மருந்து மாறியதும் துப்பாக்கியும் மாற வேண்டியதாயிற்று. லீ-மெட்ஃபோர்டு ரைபிளின் குழலில் இருந்த புரி ஆழம் குறைந்தது. கருமருந்தின் கசடு படியாமல் இருக்க அது ஏற்றதாக இருந்தது. கார்டைட்டோ மிக அதிக வெப்பத்துடன் எரியும். அந்த வெப்பத்தில் மெட்ஃபோர்டின் புரி விரைவில் தேய்ந்தது. ஆகவே இங்கிலாந்தின் என்ஃபீல்டு தொழிற்சாலையில் ஐந்து ஆழமான புரிகள் கொண்ட குழலைச் செய்தார்கள். 1895இல் லீ-என்ஃபீல்டு பிறந்தது. மருந்தின் பக்கத்திலும் திருத்தம் நடந்தது. முதல் கார்டைட்டில் 58 விழுக்காடாக இருந்த நைட்ரோகிளிசரின், 1901இல் வந்த திருத்திய வகையில் 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. துப்பாக்கியின் வரலாற்றை இரும்பின் வரலாறாக மட்டும் படிப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறிப்போவார்கள். பாதி வரலாறு வேதியியல்.

ஏன் நீலகிரி?

கார்டைட் வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளாத பொருள். அமிலத்தில் பக்குவப்படுத்திய பஞ்சு வெப்பத்தில் மெல்ல மெல்லச் சிதையும். சிதைவு முற்றினால் தானே தீப்பிடிக்கும். நைட்ரோகிளிசரினைச் செய்யும்போது கலவை சற்றுச் சூடேறினாலும் ஆபத்து. வங்காளத்தின் கோடையில், இசாப்பூர்ச் சமவெளியில், இதைச் செய்வது எளிதல்ல. சுமார் 6,000 அடி உயரத்தில் உள்ள அருவங்காட்டில் ஆண்டு முழுவதும் குளிர்ச்சி உண்டு. தண்ணீர் உண்டு. பக்கத்திலேயே வெலிங்டன் இராணுவக் குடியிருப்பு உண்டு. வெலிங்டனின் பழைய பெயர் ஜக்கதளா. அந்தப் பெயரை உடைய படகர் ஊர் அருவங்காட்டுக்கு அருகில் இன்றும் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில் 1899இலேயே வந்துவிட்டது. தொழிற்சாலை நிறுவப்பட்டது 1903-04 காலத்தில். ரயில் பாதை குன்னூரைக் கடந்து உதகைக்கு நீண்டது 1908இல்தான். அதாவது அருவங்காட்டுக்குத் தொழிற்சாலை முதலில் வந்தது, ரயில் பிறகு வந்தது.

தொழிற்சாலையின் மின்சாரத்துக்காகக் காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் அமைக்கப்பட்டது. இதுவே இந்தியாவின் முதல் நீர்மின் நிலையம் என்று சில கையேடுகளில் எழுதியிருக்கிறார்கள். இது சரியல்ல. டார்ஜிலிங் அருகே சித்ராபோங் நிலையம் 1897இலும், மைசூர் அரசின் சிவசமுத்திரம் 1902இலும் இயங்கத் தொடங்கிவிட்டன. முதல் இடத்தைக் கொடுக்காவிட்டாலும் காட்டேரிக்குப் பெருமை குறையாது. ஒரு சிற்றருவி ஒரு பேரரசின் தோட்டாவுக்கு மின்சாரம் கொடுத்திருக்கிறது.

மலைச் சரிவு மற்றொரு வகையிலும் இத்தொழிலுக்கு ஏற்றது. அக்காலத்தில் நைட்ரோகிளிசரினைக் குழாய்க்குள் அழுத்தித் தள்ள மாட்டார்கள். உயரமான கட்டடத்திலிருந்து தாழ்வான கட்டடத்துக்குத் தானாகவே வழிந்தோட விடுவார்கள். சரிவு இல்லாத இடங்களில் செயற்கையாக மேடு எழுப்புவார்கள். ஸ்காட்லாந்தின் ஆர்டியர் என்ற இடத்தில் நோபல் நடத்திய ஆலையில், கலவையின் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தொழிலாளி ஒற்றைக்கால் முக்காலியில் உட்காருவது வழக்கம். கண் அயர்ந்தால் கீழே விழுந்து விழித்துக்கொள்வார் என்பதற்காக இந்த ஏற்பாடு. முக்காலிக்கு மூன்று கால் வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆனால் உயிர்போகும் இடத்தில் இலக்கணம் தளர்ந்துவிடுகிறது. இத்தகைய ஆலைகளில் ஒரு கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் இடையே மண்மேடு இருக்கும். ஒன்று வெடித்தால் மற்றது பிழைக்க வேண்டும். தீப்பெட்டியை வாயிலிலேயே கொடுத்துவிட வேண்டும். ஆணி அடித்த செருப்போடு உள்ளே போக முடியாது. தினக்கூலிக்கு வந்த மலைவாழ் மக்களும் சமவெளித் தமிழரும் மலையாளிகளும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் வேலை பார்த்தார்கள். காலப்போக்கில் நீலகிரியில் தேயிலையைச் சாராத நிலையான சம்பளம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது அருவங்காடுதான் என்றாகிவிட்டது.

இசாப்பூரில் பூட்டியது

புகையில்லா மருந்து வந்துவிட்டதால் இசாப்பூரின் கருமருந்து ஆலைக்கு வேலை இல்லாமல் போயிற்று. காலியான அந்த இடத்தில் 1904இல் ரைபிள் தொழிற்சாலை அமைக்கும் பணி தொடங்கியது. 1907இல் உற்பத்தி தொடங்கியது. மருந்து மலைக்கு ஏறியது. அது விட்டுப்போன இடத்தில் துப்பாக்கி குடியேறியது.

ரைபிள் செய்வதில் கடினமான வேலை எது என்று கேட்டால், குழலைத் துளைப்பது என்று பலரும் நினைப்பார்கள். அதுவும் கடினம்தான். ஆனால் தொழிற்சாலை முறையின் உயிர்நாடி வேறு. எந்தப் பெட்டியிலிருந்து எந்த உறுப்பை எடுத்தாலும் அது பொருந்த வேண்டும். ஒரு கைவினைக் கொல்லர் துப்பாக்கி செய்தால் ஒவ்வோர் உறுப்பையும் அதன் ஜோடியோடு ஒப்பிட்டு அரம் போட்டுப் பொருத்துவார். அந்தத் துப்பாக்கியின் உறுப்பு இன்னொன்றுக்குச் சேராது. போர்க்களத்தில் ஒரு உறுப்பு உடைந்தால் முழுத் துப்பாக்கியும் வீண்.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர்களில் முன்னோடி பிரான்சின் ஓனோரே பிளான். 1785இல் பார்வையாளர்கள் முன்னிலையில் மஸ்கட்டின் சுடும் விசை உறுப்புகளைக் குவியலிலிருந்து கைக்கு வந்தபடி எடுத்துப் பூட்டிக் காட்டினார். அப்போது பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் இதைக் கண்டு வியந்து தம் நாட்டுக்கு எழுதினார். பிரான்சில் அது வேரூன்றவில்லை. அமெரிக்காவில் வேரூன்றியது. 1850களில் இங்கிலாந்தே அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களை வாங்கி என்ஃபீல்டில் நிறுவ வேண்டியிருந்தது. அந்த முறை அரை நூற்றாண்டு கழித்து இசாப்பூருக்கு வந்தது. ஒவ்வோர் உறுப்பையும் அளவுகோலில் வைத்துப் பார்ப்பார்கள். 'போகும்' அளவில் நுழைய வேண்டும், 'போகாத' அளவில் நுழையக் கூடாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளிதான் தொழிற்சாலையின் ஒழுக்கம்.

இதிலும் ஒரு விதிவிலக்கு இருந்தது. லீ-என்ஃபீல்டில் போல்ட் என்னும் அடைப்புத் தண்டும் துப்பாக்கியின் உடலும் தனித்தனியே பொருத்திப் பார்க்கப்பட்டு, இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்படும். தோட்டா வெடிக்கும்போது பின்பக்கம் தாங்க வேண்டிய உறுப்பு அது. இடைவெளி மிகுந்தால் தோட்டாவின் பித்தளை உறை கிழிந்து சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். ஆகவே தன் துப்பாக்கியைத் துடைத்து மீண்டும் பூட்டும் சிப்பாய், பக்கத்து ஆளின் போல்ட்டை மாற்றிப் போட்டுவிடக் கூடாது. 'என் துப்பாக்கி' என்று சிப்பாய் சொல்வது வெறும் பாசம் அல்ல. அந்த எண்ணில் அவன் கண் இருக்கிறது.

மார்சேயில் துறைமுகத்தில்

சொந்தமாகத் துப்பாக்கி பூட்டத் தொடங்கிவிட்டோம் என்ற நிலை ஏழு ஆண்டுகளில் சோதனைக்கு உள்ளானது. 1914 இலையுதிர் காலத்தில் லாகூர், மீரட் பிரிவுகளைச் சேர்ந்த இந்தியப் படைகள் பிரான்சின் மார்சேயில் துறைமுகத்தில் இறங்கின. அங்கே அவர்கள் கையில் இருந்த ரைபிள்களை வாங்கி வைத்துக்கொண்டு புதியவற்றைக் கொடுத்தார்கள். பிரிட்டனின் படை புதிய வகைத் தோட்டாவுக்கு மாறியிருந்தது. இந்தியப் படையின் துப்பாக்கிகளோ பழைய தோட்டாவுக்கு ஏற்பக் குறி அமைக்கப்பட்டவை. பழகிய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் பழகாத ஒன்றோடு, அறியாத குளிரில், அவர்கள் பதுங்குகுழிகளுக்குள் இறங்கினார்கள். தொழிற்சாலை இங்கே இருந்தாலும், எந்தத் தோட்டா, எந்த வகை, எப்போது மாறுவது என்ற முடிவு லண்டனில் இருந்தது.

அதே போரில் கார்டைட்டுக்கு வேண்டிய அசிட்டோன் தட்டுப்பாடு பிரிட்டனையே திணறடித்தது. மாவுப்பொருளைப் புளிக்க வைத்து அசிட்டோன் எடுக்கும் வழியைக் கண்டவர் வேதியியலாளர் ஹைம் வைஸ்மன். 1917இல் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு குதிரைக் கஷ்கொட்டைக் காய்களைப் பொறுக்கச் சொன்னார்கள். அந்த வைஸ்மன்தான் பிற்காலத்தில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார்.

விடுதலைக்குப் பின்

விடுதலை பெற்ற இந்தியா அருவங்காட்டையும் இசாப்பூரையும் அப்படியே பெற்றுக்கொண்டது. வெலிங்டன் 1947இல் மதராஸ் படைப்பிரிவின் பயிற்சி மையமாயிற்று. ஆனால் கையில் இருந்த ரைபிள் மாறவில்லை. 1962இல் சீனப் படையை எதிர்கொண்ட ஜவான்கள் பலர் ஏந்தியது அதே .303 லீ-என்ஃபீல்டு. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். பத்துத் தோட்டா கொள்ளும் அறை. எதிரியிடம் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் இருந்தன.

அந்த அடிக்குப் பிறகுதான் வேகம் பிறந்தது. பெல்ஜியத்தில் வடிவமைக்கப்பட்ட எஃப்.ஏ.எல். ரைபிளையும் அதன் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வகைகளையும் கழற்றிப் பார்த்து, அளந்து, இந்தியப் பொறியாளர்கள் சொந்த வரைபடம் தயாரித்தார்கள். 7.62 மி.மீ. 1ஏ1 ரைபிள் இவ்வாறு உருவானது. இருபது தோட்டா கொள்ளும், விசையை அழுத்த அழுத்தச் சுடும். படையில் அதை எஸ்.எல்.ஆர். என்பார்கள். உரிமம் பெறாமல் செய்தார்கள் என்று பெல்ஜிய நிறுவனம் எதிர்ப்புத் தெரிவித்தது. பிறர் துப்பாக்கியைக் கழற்றிக் கற்றுக்கொண்டது கௌரவமான வழியா என்று கேட்பவர்கள் உண்டு. மலை உச்சியில் பழைய துப்பாக்கியோடு நின்றவர்களை நினைத்தால் அந்தக் கேள்வியின் கூர்மை மழுங்கிவிடும்.

1966இல் திருச்சிராப்பள்ளியில் படைக்கலத் தொழிற்சாலை நிறுவப்பட்டபோது இந்த ரைபிளே அதன் முதன்மை வேலையாக இருந்தது. 1801இல் ஆயுதம் தடை செய்யப்பட்ட பாளையங்களிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், தமிழ்த் தொழிலாளர்கள் ரைபிள் பூட்டத் தொடங்கினார்கள். புனேயில் வடிவமைத்த 5.56 மி.மீ. இன்சாஸ் ரைபிளும் பிறகு திருச்சியில் தயாரானது. முற்றிலும் இந்திய வடிவமைப்பு என்ற வகையில் இன்சாஸ் முக்கியமானது. 1999 கார்கில் போரின் கடுங்குளிரில் அதன் தோட்டா அறை விரிசல் விடுவதாகப் புகார் எழுந்தது. அண்மைக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து 72,400 ரைபிள்கள் வாங்க 2019இல் ஒப்பந்தமானது. ரஷ்ய வடிவமைப்பான ஏ.கே.-203 ரைபிளை உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் ஆறு இலட்சத்துக்கும் மேல் தயாரிக்க 2021இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. தொடக்கத்தில் வெளியிலிருந்து வரும் உறுப்புகளைப் பூட்டுவது, படிப்படியாக எல்லாவற்றையும் இங்கேயே செய்வது என்பது திட்டம். பூட்டுவதற்கும் செய்வதற்கும் உள்ள தொலைவு 1907இல் இருந்ததைப் போலவே இன்றும் இருக்கிறது.

வெலிங்டனில் சேரும் புதிய வீரருக்குத் தொடக்கப் பாடங்களில் ஒன்று ரைபிளைக் கழற்றிப் பூட்டுவது. படையின் பயிற்சி மொழி இந்தி என்பதால் 'கோல்னா-ஜோட்னா' என்று சொல்லிக் கொடுப்பார்கள். தேனியிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வந்த இளைஞருக்குக் கை பழகும் முன்பே அந்தச் சொல் பழகிவிடும். கழற்றிய வரிசையைத் தலைகீழாக்கினால் பூட்டும் வரிசை. முதலில் கண்ணால் பார்த்து, பிறகு பார்க்காமல், இருட்டில் கைத்தடவலிலேயே செய்யப் பழக வேண்டும். அவர் கையில் இருப்பது ஒருவேளை திருச்சியில் செய்ததாக இருக்கலாம். தோட்டாவின் மருந்து அருகில் உள்ள பள்ளத்தாக்கின் தொழிலைச் சேர்ந்தது.

2021 அக்டோபர் 1 முதல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அருவங்காடு, புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்திடம் சென்றது. இசாப்பூரும் திருச்சியும், கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்விப்மென்ட் நிறுவனத்திடம் சென்றன. மருந்தும் துப்பாக்கியும் இப்போது வெவ்வேறு நிறுவனங்களின் கணக்கில் இருக்கின்றன.